தொடட்டுமா என்று கேட்ட அக்கா

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பார்லர் இருந்தது. பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் முன்னறையைப் பச்சைத் திரை போட்டுப் பிரித்து, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன். கண்ணாடிக்கு மேலே மாதா படம். வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று ஒரு அட்டை. அதை நடத்திய அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் பார்லர்க்காதான்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் பில் போடும் வேலைக்கு நான் சேர்ந்த புதிது. கூட வேலை பார்க்கிற பெண்களெல்லாம் புருவம் எடுத்துக்கொண்டு வருகிறார்களே என்று நானும் போய் உட்கார்ந்தேன். அக்கா பவுடரை எடுத்து வைத்தது, நூலை அறுத்துப் பல்லில் கடித்தது. என் நெற்றிக்குப் பக்கத்தில் வந்த கை அப்படியே நின்றது.

"தொடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தொடாம எப்டிக்கா புருவம் எடுப்பீங்க?"

"அதுக்கில்ல கண்ணு. கேட்டுட்டுத் தொடறது என் பழக்கம். சரின்னு சொல்லு."

"சரி."

அதற்குப் பிறகுதான் விரல் பட்டது. அவ்வளவு மென்மையான விரலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரும் என்று தோழிகள் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு எதுவுமே தெரியவில்லை.

எல்லோரிடமும் அப்படித்தான். கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மை நாளில் சின்னப் பெண்கள் வெள்ளை கவுனோடு வரிசையாக வந்து உட்காருவார்கள், தலையில் பூ முடி வைத்துக்கொள்ள. ஒவ்வொருத்தியிடமும் குனிந்து, "தொடட்டுமா பாப்பா?" என்று கேட்கும். அவர்கள் கிளுக்கென்று சிரித்துக்கொண்டு, "தொடு, தொடு" என்பார்கள். பத்து வருஷமாக வாடிக்கையாக வரும் மீன் கம்பெனி மேரியம்மாவிடமும் அதே கேள்வி. "இன்னாடி இது, எம்மா நாளா தொட்டுகினு கீற, இன்னும் கேட்டுகினே கீறியே" என்று மேரியம்மா சலித்துக்கொள்வார். அக்கா பதில் சொல்லாமல் காத்திருக்கும். சரி என்ற சொல் வாயிலிருந்து வந்தால்தான் கை நகரும்.

கைக்குழந்தைகளைத் தூக்கவே தூக்காது. யாராவது ஆசையாக நீட்டினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்க் கொஞ்சும். ஒரு தடவை கோயிலிலிருந்து வரும்போது என்னிடம் சொன்னது: "நம்ம பூசையில பக்கத்து ஆளுக்கு சமாதானம் சொல்றதுக்கு கும்புட்டாப் போதும். டிவில காட்றாங்களே வெளிநாட்டுக் கோயிலு, அங்க எல்லாரும் கை குடுத்துக்கணும். நான் அங்க பொறந்திருந்தா பேஜாராப் பூடும்." சொல்லிவிட்டுச் சிரித்தது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. கத்திரி வெயிலிலும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த சுடிதார்தான் போடும் என்பதையும் நான் பக்தி என்றே நினைத்திருந்தேன்.

தெரிந்தது ஒரு மழைக்காலத்தில். கடைக்கு லீவு. மழைக்குப் பயந்து ஓடிவந்தவள் கூப்பிடாமலே திரையை விலக்கிவிட்டேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது. முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில், மீன் செதில் மாதிரி. கீழே தரையிலும் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.

அக்கா துப்பட்டாவை இழுத்து மூடியது. நான் அங்கேயே நின்றேன்.

"பயமாக் கீதா?"

"இல்லக்கா. வலிக்குதா?"

அந்தக் கேள்வியை அக்கா எதிர்பார்க்கவில்லை போல. துப்பட்டாவை எடுத்தது. "வலி இல்ல. அரிக்கும். மழ நாள்ல ஜாஸ்தியாவும். மனசு கஷ்டமானா இன்னும் ஜாஸ்தியாவும். சொரியாசிஸ்ன்னு பேரு. தொத்து வியாதி கெடையாது. பெரியாஸ்பத்திரி தோல் டாக்டர் எழுதியே குடுத்தாரு."

அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்தவர். மகள் ரெஜினா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் தலையில் பொடுகு மாதிரி ஆரம்பித்து, முழங்கை, முழங்கால் என்று வந்திருக்கிறது. உடம்பில் தோல் புதுசாக வளர்வதற்கு ஒரு நிதானம் உண்டாம், இந்த வியாதியில் அது அவசர அவசரமாக வளர்ந்து மேலே மேலே சேர்ந்துவிடுமாம். டாக்டர் சொன்னதை அக்கா எனக்கு அப்படித்தான் விளக்கியது. "சர்க்கர மாதிரி இது. ஒரேடியாப் போவாது, அடக்கி வெச்சுக்கலாம்னாரு. எண்ணெ தேய்ச்சு தோல காய வுடாம வெச்சுக்கணும். காலைல கொஞ்சம் வெயில்ல நிக்கணும். சொரியக் கூடாது. ஆயின்மென்ட் அவர் சொல்ற அளவுக்குத்தான். கண்டவன் பேச்சக் கேட்டு எதையும் முழுங்காதன்னு சொன்னாரு."

"அதுக்காகவா எல்லாரையும் கேட்டுட்டுத் தொடுறீங்க? தொத்தாதுன்னுதான் தெரியுமே."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே."

பிறகு மெதுவாகச் சொன்னது. வீட்டுக்காரர் போன பிறகு கொஞ்ச நாள் கொருக்குப்பேட்டையில் நாத்தனார் வீட்டில் இருந்திருக்கிறது. நாத்தனாரின் கைக்குழந்தை தொட்டிலில் அழுதது. யாரும் பக்கத்தில் இல்லை, அக்கா தூக்கித் தோளில் போட்டுத் தட்டியது. குழந்தை தூங்கிவிட்டது. நாத்தனார் வந்து பார்த்தாள். தூங்கிய குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய், அக்காவின் கண் முன்னாலேயே குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.

"அந்தப் புள்ள அழுத சத்தம் காதுலயே கீதுடி. அன்னிலேர்ந்து கேக்காம யாரையும் தொட்டது இல்ல."

அழகு செய்கிற வேலையை ஏன் எடுத்தது என்று நான் கேட்டதில்லை. ஆனால் எனக்குத் தோன்றும், அந்த வேலையில் மட்டும்தான் மனுஷர்கள் தாங்களாக வந்து உட்கார்ந்து முகத்தை நீட்டுவார்கள் என்று.

மற்றவர்கள் தோலுக்கு அக்கா ரொம்பப் பயப்படும். சிவப்பாக்கும் கிரீம் எதையும் பார்லருக்குள் சேர்க்காது. எண்ணூர்ப் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி ஃபேஷியலுக்கு வந்தாள். தோழி கொடுத்த டியூப் எதையோ மாசக்கணக்கில் பூசி, முகமெல்லாம் வெந்தது மாதிரி இருந்தது. கன்னத்தில் நரம்பு தெரிந்தது. அக்கா கையை வைக்கவே இல்லை. "இதும் மேல நான் எதனா பூசினா பாவம் எனக்குத்தான். நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி போ. அந்த டியூபையும் எடுத்துனு போய்க் காட்டு" என்று அனுப்பிவிட்டது. மறுவாரமே அந்தப் பெண் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், போனாளா இல்லையா என்று விசாரித்தது.

இரண்டு மூன்று வருஷம் அடங்கியே இருந்த வியாதி, பிறகு புறங்கைக்கு வந்தது. கை நீளமான சுடிதாரால் மறைக்க முடியாத இடம். நகமெல்லாம் குழி குழியாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்யாணப் பெண் மேக்கப் போட்டுப் பார்க்க வந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அக்காவிடம் தலை பின்னிக்கொண்டவள். கூடவே அவள் வருங்கால மாமியாரும் வந்திருந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன்.

அக்கா கேட்டது, "தொடட்டுமா?" பெண் தலையாட்டினாள். விரல் கன்னத்தில் பட்டதும் அந்த மாமியார் எழுந்து வந்தார்.

"கையில இன்னாம்மா அது?"

"சொரியாசிஸ்ங்கம்மா. தொத்தாது."

"தொத்துமோ தொத்தாதோ, கல்யாணப் பொண்ணு மூஞ்சில வெக்கற கையா இது? எழுந்துருடி."

"டாக்டர் எழுதின சீட்டு கீதும்மா. காட்டட்டுமா?"

"யாருக்கு வேணும் சீட்டு?"

அந்தப் பெண் எழுந்தாள். கன்னத்தில் பாதி பவுண்டேஷன் இருந்தது. அக்கா பஞ்சை நனைத்து, துடைத்துக்கொள்ளச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தது. அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு நேரமாவுதே, வா" என்றது. நான் உட்கார்ந்தேன். நூல் பல்லில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஆள் வரத்து குறைந்துவிட்டது. சண்டை போட்டு யாரும் நிற்கவில்லை. அடுத்த தெருவில் புதுசாக ஏசி பார்லர் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். மேரியம்மா மட்டும் வருவார்.

ரெஜினாவுக்கு எண்ணூரிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு கன்டெய்னர் யார்டில் வேலை, அப்பா இல்லை, அம்மாவும் பிள்ளையும்தான். பெண் பார்க்க வந்த அன்று அக்கா சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. டீ தட்டை என்னிடம் கொடுத்தது. "நீ போய்க் குடு. எனக்குத் தலவலின்னு சொல்லு." மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "வந்து உக்காருங்களேன் சம்பந்தி" என்று கூப்பிட்டார். அக்கா சமையல்கட்டு நிலைப்படியிலேயே நின்று, கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு, சிரித்துச் சமாளித்தது.

அவர்கள் போனதும் ரெஜினா சொன்னாள், "சொல்லிடலாம்மா. பின்னாடி தெரிஞ்சா தப்பா நெனப்பாங்க."

"கல்யாணம் ஆவட்டும்டி. பரம்பரையா வருமான்னு ஒரு கேள்வி கேட்டாங்கன்னா நான் இன்னா பதில் சொல்லுவேன்? வரலாம்னுதான டாக்டரே சொல்றாரு."

அக்கா என் பக்கம் திரும்பியது. "கல்யாணத்தன்னிக்கு என் பொண்ணு மூஞ்ச வேற எவளும் தொடக் கூடாது. நான்தான் தொடணும். அதுக்குள்ள இந்தக் கை நல்லாவணும்."

அப்படித்தான் ஒரு ஆளிடம் போனது. ஊர் ஊராகப் போய் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவன். வேரோடு எடுத்துவிடுவேன் என்றானாம். வெள்ளைப் பொடி, சின்னச் சின்னப் பொட்டலமாக, தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சாப்பிடுங்கக்கா" என்றேன். "கேட்டா திட்டுவாரு. இது இங்கிலீஷ் மருந்து இல்லடி, மூலிகை. மூலிகை இன்னா பண்ணிடும்?" என்றது. ஆஸ்பத்திரி ஆயின்மென்டையும் நிறுத்திவிட்டது.

பொடி வேலை செய்தது, அதை மறுக்க முடியாது. கொஞ்ச நாளிலேயே செதில் உதிர்ந்தது, சிவப்பு மங்கியது. முழங்கையைத் திருப்பித் திருப்பி எனக்குக் காட்டியது. குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. அக்காவின் முகமும் உருண்டு, கன்னம் உப்பியது. பெண்ணுக்குக் கல்யாணம் என்றதும் அம்மாவுக்குக் களை வந்துவிட்டது பார் என்றார்கள் தெருவில். அந்த உப்பல் எதனால் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

கல்யாணத்தன்று அக்கா அரைக்கை ஜாக்கெட் போட்டிருந்தது. அத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அது கையை மூடாமல் வந்தது அன்றுதான். விடியற்காலையிலேயே ரெஜினாவை உட்கார வைத்து, ஒரு சொல் கேட்காமல் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தியது. மணிக்கணக்கில் செய்தது. கோயிலுக்கு வெளியே வந்தவர்களையெல்லாம் தொட்டது. கிழவிகளின் கையைப் பிடித்துப் பேசியது. யாரோ ஒருத்தியின் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு ஹால் முழுக்கச் சுற்றியது. மாப்பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அவன் வெட்கப்பட்டதும் இன்னொரு தடவை கிள்ளியது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எம்மா நாளாச்சுடி" என்றது.

அடுத்த வாரம் பொடி வாங்கப் போனால் ரூம் பூட்டியிருந்தது. ஆள் ஊரை மாற்றிவிட்டான். அக்கா கவலைப்படவில்லை. "போனா போறான். இனிமே எதுக்கு? அதான் சுத்தமாயிடுச்சே."

பொடி தீர்ந்த சில நாளில் காய்ச்சல் வந்தது. நான் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. மே மாத வெயிலில் இரண்டு போர்வை. குளிர் குளிர் என்று நடுங்கியது. போர்வையை விலக்கினால் கழுத்திலிருந்து கால் வரை சிவப்பு, மிளகாயை அரைத்துப் பூசினது மாதிரி. பழைய இடம், புது இடம் என்று எதுவும் இல்லை. உடம்பு முழுக்கத் தோல் தாள் தாளாக உரிந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரி போலாம்க்கா."

"ஞாயித்துக்கெழம சம்பந்தி வூட்ல இருந்து விருந்துக்கு வராங்க. அது முடியட்டும்."

"இந்த ஒடம்போடவா?"

"முழுக்கை போட்டுக்குவேன். நீ ரெஜினாகிட்ட வாயத் தொறக்காத."

நான் அன்று சாயங்காலமே ரெஜினாவுக்குப் போன் செய்துவிட்டேன். அவள் மறுநாள் காலை ஓடிவந்தாள். மாமியாரிடம், அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அப்போதும் அக்கா வர மறுத்தது. நாங்கள் இரண்டு பேரும் கைத்தாங்கலாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். பிடித்த இடத்திலெல்லாம் தோல் எங்கள் கையோடு வந்தது.

தோல் வார்டில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். வெறும் கையால் அக்காவின் தோளைத் தொட்டு, அழுத்திப் பார்த்தார். "என்னம்மா சாப்பிட்டீங்க?" அக்கா முதலில் ஒன்றுமில்லை என்றது. டாக்டர் கோபப்படவில்லை, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு அக்காவே சொன்னது.

"அந்த மாதிரிப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருப்பாங்கம்மா. சாப்பிடுற வரைக்கும் அமுக்கி வெச்சிருக்கும், முகமும் உப்பும். திடீர்னு நின்னதும் உள்ள இருந்ததெல்லாம் ஒண்ணா வெளிய வந்துடும். தோல் முழுக்க இப்படி ஆயிட்டா உடம்பு சூட்டப் பிடிச்சு வெக்க முடியாது. அதான் இந்த நடுக்கம். கிருமி உள்ள போறதுக்கும் தடுப்பு இல்ல."

"சரியாயிடுமா டாக்டர்?" என்று ரெஜினா கேட்டாள்.

"பாக்கலாம். முன்னாடியே வந்திருக்கணும்."

முதல் சில நாள் தேறுவது போலத்தான் இருந்தது. நானும் ரெஜினாவும் மாற்றி மாற்றி இருந்தோம். நர்ஸ் சொன்ன மாதிரி எண்ணெய் போன்ற திரவத்தை உடம்பு முழுக்கத் தடவிவிட வேண்டும். எங்கே கை வைத்தாலும் அக்காவுக்கு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும். ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னது: "ஒரு மாசம் நல்லா இருந்தேன் இல்ல?" இருந்தீங்கக்கா என்றேன். "அது போதும்" என்றது. எனக்கு அது போதவில்லை. அன்றைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுநாள் பகலில், ரெஜினா கேன்டீனுக்குப் போயிருந்த நேரத்தில், அக்கா போய்விட்டது.

வீட்டு முன்னறையில், நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெட்டியை வைத்தார்கள். தெருவே வந்திருந்தது. வந்தவர்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். கழுத்திலும் நெற்றியிலும் உரிந்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. மேரியம்மா மட்டும் பெட்டியோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். மூடுவதற்கு முன்னால் நெற்றியில் முத்தமிடுவது, முத்தி செய்வது என்போம், எங்களுக்குள் வழக்கம். கோயிலில் இருந்து வந்த உபதேசியார், "கடைசியா முத்தி பண்றவங்க வரலாம்" என்றார். யாரும் அசையவில்லை. யாரோ மெதுவாக, "இன்னா வியாதியாம்?" என்று கேட்டது அறை முழுக்கக் கேட்டது.

ரெஜினா எழுந்து நின்றாள். மாமியார் பக்கம் பார்த்துத்தான் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு சொரியாசிஸ். இருவது வருஷமா இருந்துச்சு. தொத்தாது. என்னைத் தூக்கி, சோறூட்டி வளர்த்த கை இது, எனக்கு ஒண்ணும் ஆவல. நாளைக்கு எனக்கு வந்தாலும் வரலாம். வந்தா டாக்டர்கிட்ட போவேன். ஒளிக்க மாட்டேன். உங்ககிட்ட சொல்லாம கல்யாணம் பண்ணோம் அத்த. நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

வாசல் பக்கம் இருந்தவர்கள் சிலர் வெளியே போய்க் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தான். அந்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூவுக்கு அடியில் கையை விட்டு, அக்காவின் கையை வெளியே எடுத்தார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார்.

"என் மாமனாருக்கு இருந்துச்சும்மா இது" என்றார். "அவரு சாவற வரைக்கும் நான்தான் எண்ணெ தேய்ச்சு வுடுவேன். எனக்குத் தெரியாதா இது இன்னான்னு? ஒரு வார்த்த சொல்லிருந்தா இன்னா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லிருக்கலாமே. எங்ககிட்டயா ஒளிச்சீங்க சம்பந்தி?"

அக்காவிடம்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருப்பது போல முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி தூக்க வந்தவர்கள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நேரமாகிறது என்று உபதேசியார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அந்தம்மா கையை விடவில்லை.